கண்ணாடித் தொட்டியில் ஒரு குடித்தனம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உயரம் என்றால் பயம். வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும் என்று வாயைத் திறக்கவில்லை. மேலே ஏறுகிற வேலைகளைக் கூட்டாளிகள் தலையில் கட்டிவிட்டு, லிஃப்ட் வந்து நிற்கும் இடத்துக்கும் கீழே இருக்கும் அடிக்குழியில் தான் இறங்கிக்கொள்வார். இருட்டு, கிரீஸ் நாற்றம், தலைக்கு மேலே தொங்கும் இரும்பு. மற்றவர்கள் இறங்கவே தயங்கும் அந்த இடத்தில் அவருக்குக் கொட்டாவி வரும்.

அவளைக் கண்டதும் மண்ணோரமாகத்தான். (மனைவியைச் சொல்லவில்லை. அந்தக் கதையில் இவ்வளவு விறுவிறுப்பு கிடையாது.) ஊருக்கு வெளியே புதுக் கட்டட வேலை. சாப்பிட்டுவிட்டு மண்மேட்டில் சாய்ந்தவர் பக்கத்தில் ஒரு பொந்தைப் பார்த்தார். அதன் வாயைச் சுற்றி வெள்ளையாக மெல்லிய வலை. சும்மா இருக்காத கை ஒரு நீளப் புல்லை உள்ளே விட்டது. உள்ளேயிருந்து யாரோ அதைப் பிடித்து இழுத்தார்கள். அவர் கையை எடுத்துவிட்டார். புல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமே இல்லாமல், முழுக்க உள்ளே போயிற்று.

டரன்டுலா. மண்ணுக்குள் பொந்து தோண்டி வாழும், உள்ளங்கை அகலச் சிலந்தி. பெண் பல வருஷம் ஒரே பொந்தில் இருக்கும். ஆண் துணை தேடி அலைந்து சீக்கிரமே செத்துப்போகும். இந்த ஏற்பாடு மெக்கானிக்குக்கு நியாயமாகவே பட்டது. மண்ணோடு பெயர்த்து, பெயின்ட் வாளியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வீடு என்பது ஒரே அறை. ஒரு சுவரோரம் மனைவியின் தையல் மெஷின். அவள் வீட்டிலிருந்தே துணி தைப்பவள். எதிர்ச் சுவரோரம், கட்டிலை ஒட்டி, கண்ணாடித் தொட்டி வந்தது.

“இருந்துட்டுப் போகட்டும். ஆனா அது ஒருநாள் வெளியே கால் வச்சுது, அன்னைக்கே நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்.”

அவள் சொன்னால் செய்கிறவள். மெக்கானிக்குக்குத் தெரியும்.

தரையில் வாழ்கிற சிலந்திக்குக் கனத்த வயிறு. கொஞ்ச உயரத்திலிருந்து விழுந்தாலே வெடித்துவிடும். விழுவதைப் பற்றியே யோசித்துப் பிழைக்கிற தொழில் அவருடையது. ஆகவே விழ இடமே இருக்கக்கூடாது என்று தொட்டியின் கம்பிவலை மூடியைத் தொடுகிற அளவுக்கு மண்ணை நிரப்பினார். விழ முடியாத உயரம் என்றால் அது மூடியை எட்டிப் பிடிக்க முடிந்த உயரம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

மழைக்காலத்தில் அது பொந்தின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டது.

“என்ன மாமா, கதவைச் சாத்திக்கிட்டாளா? வீட்டுக்காரரோட சண்டையா?” என்றான் வீட்டுக்கு வந்திருந்த மனைவியின் தம்பி.

“தோலுரிக்கப் போகுதுடா மச்சான். தொந்தரவு பண்ணக்கூடாது.”

“எங்க அக்காவும் சாத்திக்கிட்டா அப்படித்தான் விட்ருவீங்களா?”

மனைவி சிரிக்கவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் பொந்து திறந்திருந்தது. வாசலில் அவள், எட்டுக் காலும் விரித்து. மெக்கானிக் நிம்மதியாகப் பாச்சைப்பூச்சி ஒன்றை இரையாகப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் பாச்சை இல்லை. அடுத்தடுத்துப் போட்டவையும் காணாமல் போயின. நன்றாகச் சாப்பிடுகிறாள், நகரத்தான் மாட்டேன் என்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, போட்ட பாச்சை நேராக அவள் முதுகில் ஏறி உட்கார்ந்து மீசையை ஆட்டியது. அவர் பிரஷ்ஷால் மெல்லத் தொட்டார். காகிதம்போல் புரண்டது. தலைப்பக்கம் பிளந்து திறந்துகிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. தோல்.

தொட்டி மூடியின் மூலையில் கம்பிவலை நெகிழ்ந்திருந்தது.

அப்படியென்றால் இத்தனை நாள் சாப்பிட்டது யார்?

பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தோலைப் பழையபடி நிமிர்த்தி உட்கார வைத்தார். மூடியை அழுத்தினார். குரலில் எண்ணெய் தடவிக்கொண்டு, “நல்லா இருக்கும்மா!” என்றார்.

“எது, அந்தத் தோலா?”

மெஷின் நின்றது.

“நீங்க பாட்டுக்கு வெறும் தோலுக்குப் பாச்சை போட்டுட்டு இருந்தீங்க. அது பட்டினி கிடக்குமேன்னு நான்தான் எடுத்து இங்க போடுறேன்.”

“இங்கன்னா... எங்க?”

அவள் மறுபடி மிதித்தாள், சீராக, மெதுவாக. அவள் வெறுங்காலுக்கு அருகே தரைக்கல் பெயர்ந்த ஓட்டை. அதைச் சுற்றி மெல்லிய வெள்ளை வலை. மெஷின் அதிர அதிர, அதிலிருந்து கறுப்பாக ஒரு கால் வந்தது. பிறகு இன்னொன்று.

“உனக்குப் பயமா இல்லையா?”

“முதல் நாள் அழுதேன். பையெல்லாம் எடுத்து வச்சேன். அப்புறம் பார்த்தா, நான் மிதிச்சா வருது, நிறுத்தினா போயிடுது. இந்த வீட்டுல நான் செய்யறதைக் கவனிக்கிற ஒரே ஆளு.”

மெக்கானிக் தன் கால்களைப் பார்த்தார். அவை எப்போது கட்டில்மேல் ஏறின என்று தெரியவில்லை. ஆறு வருஷம் குழிகளில் கண்ணயர்ந்தவருக்குத் தரை வெகு கீழே இருப்பதுபோலத் தெரிந்தது.

“பிடிச்சுத் தொட்டியில விட்டுரலாமா?” என்றார்.

“கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாத்தான் உங்களுக்குப் பிடிக்குமோ?”

அவள் கண்ணைத் துணியிலிருந்து எடுக்காமல் சொன்னாள்: “அக்கா வீட்டுக்கு வழி தெரியுமில்ல? பை கட்டில் அடியில இருக்கு. அப்பவே கட்டி வச்சது.”

பையை எடுக்க வேண்டுமானால் கீழே இறங்க வேண்டும். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது கால் வெளியே வந்தது.