டெஸ்ட் வாரத்து நம்பர்கள்

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆடிக் கடைசி. விழுப்புரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் தையல் மிஷின் இருக்கிறது. ஆவணி முகூர்த்தங்களுக்கான பிளவுஸ் துணிகள் கட்டில் மேல், நாற்காலி மேல், டிவி மேல் என்று ஆள் உட்கார இடமில்லாமல் கிடந்தன. மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ, நனைந்த செங்கல் நிறம். இத்தனை நிறங்களுக்கு நடுவே நான் இடது கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தேன். என் இடது மார்பு மூன்றாவது முறையாக வீங்கியிருந்தது.

இருபது வருடத்துக்கு மேலாகப் பெண்களுக்கு அளவெடுக்கிறவள் நான். டேப்பைச் சுற்றும்போது அவர்கள் என்னிடம் சொல்லாதது கிடையாது. எந்தப் பக்கம் கொஞ்சம் பெரிசு, எங்கே தழும்பு, பால் கட்டி எப்படித் துடித்தார்கள், எல்லாம் என் காதுக்கு வரும். ஆனால் என்னுடையதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் பிளவுஸ்களுக்கு மட்டும் இடது பக்கத் தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுத் தைத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. தையல்காரிக்கு உடம்பை மறைக்கச் சொல்லியா தரவேண்டும்.

முதல் தடவை மாசியில் வந்தது. தொட்டால் நெருப்பு, கூடவே காய்ச்சல். பக்கத்து டாக்டர் கொடுத்த மாத்திரையில் பத்து நாளில் அடங்கியது. சித்திரையில் மறுபடி. இந்தத் தடவை அவர், ஒரு ஸ்கேன் எடுத்து வாருங்கள், தேவைப்பட்டால் சின்னதாகக் கீறிவிடலாம் என்றார். கீறிவிடலாம் என்ற சொல்லோடு நான் எழுந்துவிட்டேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வேறொரு சொல் நின்றுகொண்டிருந்தது. அதை நான் மனதுக்குள் கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. கேன்சர் என்று இன்றைக்கு எழுதிவிட்டேன். அன்றைக்கு அந்தச் சொல் வருகிற செய்தியைக் கூட டிவியில் மாற்றிவிடுவேன்.

அந்த வீக்கம் எப்படியோ அடங்கி, ஆடிக் கடைசியில் மூன்றாவது முறை வந்தபோதுதான் கண்டாச்சிபுரத்திலிருந்து மகள் கல்யாண பிளவுஸ் தைக்க வந்த ஒரு பெண், நான் கை தூக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு ஓமியோபதி டாக்டரம்மா இருப்பதாகச் சொன்னாள். "கத்தியே வெக்க மாட்டாங்கக்கா. வெள்ள வெள்ளயா உருண்ட தருவாங்க. என் நாத்தனாருக்குக் கழுத்துல இருந்தது கரைஞ்சே போச்சி."

கரைந்து போகும். அதைவிட இனிப்பான பேச்சு அந்த வருடம் நான் கேட்கவில்லை.

போனேன். விழுப்புரத்தில் பஸ் ஏறினால் விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, அப்புறம் திண்டிவனம். ஜன்னலோரம் உட்கார்ந்து, மேடு பள்ளத்தில் பஸ் குலுங்கும்போதெல்லாம் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். டாக்டரம்மா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். எடுத்ததும் மார்பைப் பற்றிக் கேட்கவில்லை. எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவீர்கள், உப்பு பிடிக்குமா புளிப்பு பிடிக்குமா, இடி இடித்தால் பயமா, அழுகை வந்தால் தனியாக அழுவீர்களா ஆள் பார்க்க அழுவீர்களா, கனவில் என்ன வரும். அவர்கள் வைத்தியத்தில் அப்படித்தான் கேட்பார்களாம். எனக்கு வாய் ஓயவில்லை. கனவில் ஊசியில் நூல் கோக்கிறேன், கோத்துக்கொண்டே இருக்கிறேன், நூலுக்கு நுனியே இல்லை என்று சொன்னேன். என்னை இவ்வளவு நேரம் யாரும் கேட்டதில்லை.

சுகர் இருக்கிறதா என்று கேட்டாள். ஆறு வருடமாக இருக்கிறது என்று சொல்லி நோட்டை நீட்டினேன். மாதா மாதம் பார்த்த நம்பர்கள் எல்லாம் அதில் அழகாக இருந்தன. இரவில் எத்தனை தடவை பாத்ரூம் போவீர்கள் என்றாள். ஒரு தடவை என்றேன். ஸ்கேன் எடுத்தீர்களா என்றாள். எடுக்கணுங்க என்று இழுத்தேன். சின்ன பிளாஸ்டிக் குப்பியில் உருண்டைகள் தந்தாள். கையால் தொடக்கூடாது, மூடியில் கொட்டி அப்படியே வாயில் போடவேண்டும், காபி கூடாது. "இது சர்க்கர உருண்டையாச்சே, எனக்கு ஆவுமா" என்று கேட்டேன். இந்த அளவில் ஒன்றும் ஆகாது, ஆனால் சுகர் மாத்திரையை ஒரு வேளை கூட விடக்கூடாது என்றாள். தலையாட்டினேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் சுகர்காரிகள் நாங்கள் நான்கு பேர். மாதம் ஒரு தடவை ஒன்றாகத்தான் ரத்தம் கொடுக்கப் போவோம். அதற்கு முந்தின மூன்று நாட்களுக்கு எங்களுக்குள் டெஸ்ட் வாரம் என்று பெயர். கேப்பைக் கூழ், பாகற்காய்ச் சாறு, காலையிலும் சாயங்காலமும் மைதானத்தைச் சுற்றி நடை. மறந்த மாத்திரையெல்லாம் அப்போது சரியாக ஞாபகம் வரும். ரத்தம் கொடுத்து முடித்ததும் நேராக ஓட்டலில் பூரி, அதற்கு மேல் ஜாங்கிரி. நம்பர் வந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி யாருக்கு எவ்வளவு என்று பார்ப்போம். பெரும்பாலும் நான்தான் முதல். ஏமாற்றுகிறோம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. டாக்டர் திட்டாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

உருண்டை சாப்பிட ஆரம்பித்து இரண்டு வாரம் வலி குறைந்த மாதிரி இருந்தது. எனக்குள் ஒரு பாட்டுக் கச்சேரியே நடந்தது. இரண்டாவது தடவை போனபோது ஸ்கேன் எங்கே என்று கேட்டாள். வேலை அதிகம் என்றேன். மூன்றாவது வாரம், ஒரு பட்டு பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருக்கும்போது, குளிர் எடுத்தது. ஆவணி வெயிலில் பல் கிட்டியது. மார்பு சிவந்து பளபளவென்று, விரல் வைத்தால் குழிந்தது. இந்தத் தடவை தனியாக பஸ்ஸில் நிற்க முடியாது என்று தெரிந்ததால் கணவரையும் அழைத்துக்கொண்டு போனேன். அவர் எரிந்துபோன போர்வெல் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். வாய் மட்டும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

டாக்டரம்மா பார்த்தாள். முகம் மாறியது. நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள்.

"சுகர் இவ்ளோ கன்ட்ரோல்ல இருக்கிறவங்களுக்கு இது ஏன்க்கா திரும்பத் திரும்ப வருது? எனக்குப் புரியல."

நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் சொன்னார். "அதெல்லாம் டெஸ்ட் வாரத்து நம்பருங்க மேடம்."

"டெஸ்ட் வாரமா?"

"மூணு நாளைக்குக் கூழு, பாவக்கா. நடந்துகினே இருப்பாங்க, கிரவுண்டே தேஞ்சிடும். ரத்தம் குடுத்த கையோட பூரி, ஜாங்கிரி. மீதி இருபத்தேழு நாளும் திருவிழாதான்."

"நீ சும்மா இருக்க மாட்டியா" என்றேன்.

"நீ சும்மா இருந்துதான இவ்ளோ தூரம் வந்துகினு இருக்குது."

அவள் முதலில் சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிப்பு நின்றது. நோட்டை மூடி என் பக்கம் நகர்த்தினாள். "ராத்திரி எத்தன தடவக்கா எழுந்து போறீங்க?"

"நாலு. அஞ்சு கூட ஆவும்."

"அன்னிக்கி ஒண்ணுன்னு சொன்னீங்களே."

"அன்னிக்கி உங்கள அவ்ளோ பழக்கமில்லைங்க."

கனவில் வந்த நூலைக் கூட இவளிடம் சொன்னேனே, எழுந்து பாத்ரூம் போனதைச் சொல்லவில்லையே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவள் சொன்னது இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. "என் மேலயும் தப்பு இருக்குதுக்கா. ஸ்கேன் பாக்காம நான் மருந்து குடுத்திருக்கவே கூடாது. இன்னிக்கி உங்களுக்கு உருண்ட கிடையாது. உள்ள சீழ் நிக்குது. அத வெளிய எடுக்கணும், அந்த வேல இதுக்குத் தெரியாது."

"கத்தி வெக்கக் கூடாதுன்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

"தெரியும்."

"சீழ் இல்லாம வேற எதனா இருந்தா?" அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே சந்தேகம். ஆறு மாதமாக உள்ளே நின்றிருந்தது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. கணவர் தரையைப் பார்த்தார். அவருக்கும் அதே கேள்வி உள்ளே இருந்திருக்கிறது, அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இருந்தா இன்னிக்கே தெரியட்டும். தெரிஞ்சா பாக்கலாம். தெரியாம இருந்தா என்ன பண்றது" என்று எழுந்து செருப்பை மாட்டினாள்.

சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினால் நான் ஸ்கேனுக்குப் போகமாட்டேன், பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போவேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உண்மையும் அதுதான். வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஒரு பெரியவர், "நான் ஜல்தி போவணும்மா" என்றார். "அர மணி இருங்கய்யா, இவங்க ஓடிடுவாங்க" என்று சொல்லிவிட்டு என் பையை வாங்கிக்கொண்டு நடந்தாள். இரண்டு தெரு. மதிய வெயில். என் வலது கையை அவள் பிடித்திருந்தாள். தப்பு செய்து பிடிபட்டவளைப் போலவும், தொலைந்து போய்க் கிடைத்தவளைப் போலவும் ஒரே நேரத்தில் இருந்தது.

ஸ்கேன் எடுத்ததும் பெண்தான். ஜெல்லின் குளிர்ச்சியில் உடம்பு உதறியது. திரையில் சாம்பல் மேகங்கள் நகர்ந்தன. நான் கூரையைப் பார்த்தேன், பல்லியைப் பார்த்தேன், தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். சீழ் கோத்திருக்கிறது, மற்றபடி பயப்படும்படி தெரியவில்லை, ஆனாலும் எடுத்துப் பரிசோதித்துத்தான் உறுதியாகச் சொல்லமுடியும் என்றார்கள். பக்கத்து அறையில் மூன்று மாதச் சராசரி சுகர் பார்க்க ரத்தம் எடுத்த பெண்ணிடம், என் கணவர் சும்மா இருக்காமல், இதற்கு எத்தனை நாள் கூழ் குடிக்கவேண்டும் என்று கேட்டார். "கூழெல்லாம் இதுகிட்ட வேலைக்கு ஆவாது சார்" என்றாள் அவள், நிமிர்ந்து கூடப் பார்க்காமல்.

நம்பர் பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஏழுக்குள் இருக்கவேண்டுமாம். தெருவிலேயே முதலாக வருகிறவளின் நம்பர்.

டாக்டரம்மா விழுப்புரத்தில் தனக்குத் தெரிந்த பெண் சர்ஜனுக்குப் போன் பண்ணி, நாளைக்குக் காலையில் இந்த அக்கா வராவிட்டால் எனக்குச் சொல்லுங்கள் என்று என் எதிரிலேயே சொன்னாள். திரும்பும்போது பஸ் கூட்டேரிப்பட்டில் நின்றது. என் கணவர் ஜன்னல் வழியாக அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, வாங்கினார். "இன்னிக்கிதான் டெஸ்ட் முடிஞ்சிருச்சே, ஜாங்கிரி கெடைக்குமான்னு பாக்கட்டா" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். பஸ்ஸில் அப்படியெல்லாம் நாங்கள் சாய்கிறவர்கள் இல்லை.

மறுநாள் விழுப்புரத்தில் சீழை எடுத்தார்கள். நான் பயந்த கத்தி கட்டை விரல் நகம் அளவுக்குத்தான் இருந்தது. இன்சுலினும் ஆரம்பித்தார்கள், சுகர் இறங்காமல் புண் ஆறாது என்று. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பிய அந்த எட்டு நாட்கள் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வேன். பால் பொங்குவதைப் பார்த்தாலும், பக்கத்து வீட்டுக் குழந்தை தடுக்கி விழுந்து தானே எழுந்தாலும், இதெல்லாம் எனக்கு இன்னும் எத்தனை முறை என்று மனம் எண்ண ஆரம்பித்துவிடும். ஒன்பதாம் நாள் சர்ஜன் தாளைப் படித்துவிட்டு, கெட்டது எதுவும் இல்லை, வெறும் அழற்சிதான், சுகரைக் கவனிக்காமல் விட்டதால் வந்து வந்து போயிருக்கிறது என்றார். வெளியே வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆட்டோ, ஒரு கன்றுக்குட்டி, உரித்த ஆரஞ்சுத் தோல். எல்லாம் யாரோ துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தன.

புண் ஆற ஒன்றரை மாதம் ஆனது. ஆவணி பிளவுஸ்களில் பாதியைக் கைமாற்றி விட்டேன், ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறாள். இன்சுலின் பிறகு மாத்திரையாக மாறியது. இப்போது ஏழரையில் இருக்கிறேன். அதற்கப்புறம் வீக்கம் வரவில்லை. வந்தால் எங்கே போகவேண்டும் என்று தெரியும் என்பதால் குளிக்கும்போது தடவிப் பார்க்கப் பயமில்லை. எங்கள் தெரு டெஸ்ட் வாரத்தையும் நான் கலைத்துவிட்டேன். மூன்று பேரையும் மூன்று மாத டெஸ்டுக்கு இழுத்துக்கொண்டு போனதில் ஒருத்தி பத்து நாள் என்னோடு பேசவில்லை. "நல்லாதான இருந்தோம், ஏன்டி பேஜாரு பண்ற" என்றாள். இப்போது அவளும் நடக்கிறாள், முப்பது நாளும்.

திண்டிவனம் பக்கம் போனால் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வருவேன். ஜலதோஷம், தும்மல் என்று ஏதாவது சொல்லி உருண்டையும் வாங்கிக்கொள்வேன். போன மாதம் அவளுக்கே ஒரு பிளவுஸ் தைத்துக் கொடுத்தேன். அளவெடுக்கும்போது, போன தடவை சுகர் எவ்வளவு என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன், முந்தின வாரம் தங்கை வீட்டு விசேஷத்தில் சாப்பிட்ட இரண்டு லட்டையும் சேர்த்து.

தன்னால் ஆகாததை ஆகாது என்று சொல்கிற ஒருத்தி எனக்கு அன்றைக்கு முன்பின் தெரியாத ஊரில் கிடைத்தாள். அவள் முன்னால் உள்ளதை உள்ளபடி சொல்கிற ஒருத்தியாக நான் இப்போதுதான், ஐம்பதை நெருங்கும்போதுதான், மெல்ல ஆகிக்கொண்டிருக்கிறேன்.