சருகுமான் தலையும் பசை வாடையும்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பாஸ் தேவராஜ் ஒரு பசை டின்னைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"எப்படி இருக்கு?"

"நெடியா இருக்கு பாஸ். கண்ணு எரியுது."

"அதான் நல்ல பசை. வாடை இல்லாத பசை ஒட்டாதுமா."

பாஸ் பல விஷயங்களை இப்படித்தான் அழுத்தமாக நம்புவார்.

கடை மலாக்கா டவுனில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருந்தது. பள்ளிக் கலை நிகழ்ச்சி, கடைத் திறப்பு விழா, கம்பெனி டின்னர் எல்லாவற்றுக்கும் வேஷ உடுப்பு செய்து கொடுப்போம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அதற்கு முன் நான் குருபோங்கில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் ஃபோம் ஷீட் வெட்டிக்கொண்டிருந்தேன். அதை மூடிவிட்டதால் இங்கே வந்தேன். அதே ஃபோம்தான். அங்கே காலுக்குப் போனது, இங்கே தலைக்கு ஏறியது.

வேலையாட்கள் மூன்று பேர். நான் வெட்டுவேன். பாக்கியக்கா தைப்பார். மாணிக்கண்ணன் சிம்பாங் அம்பாட் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். பசை தடவி ஒட்டுவது அவர் வேலை. ஒட்டி முடித்த உடுப்பைப் போட்டுப் பார்ப்பதும், விழாவில் போட்டு ஆடுவதும் அவர்தான். ஒல்லியான மனுஷன். எந்த மிருகத்துக்குள்ளும் நுழைந்துவிடுவார்.

பாதுகாப்பு என்றால் எங்களுக்கு ஆளுக்கொரு கைக்குட்டை. பாஸ் அதை முக்கோணமாக மடித்து மூக்கில் கட்டிக் காட்டுவார். "தூசி, வாடை எதுவும் உள்ள போவாது." ஃபோமைத் தேய்க்கும்போது பறக்கிற தூசியில் கொஞ்சத்தை அது தடுத்திருக்கலாம். பசையின் ஆவிக்கு அது சல்லடையில் தண்ணி பிடித்த கதைதான். ஆனால் பெரிய ஜன்னல்கள் இரண்டும் எந்நேரமும் திறந்தே கிடந்ததால் கைக்குட்டையின் பேர் கெடாமல் இருந்தது.

ஏர்கான் வந்தது

அந்த வருஷ வெயிலில் பாஸ் மனம் இரங்கி ஏர்கான் வாங்கினார். தேங்காய் உடைத்துச் சாமி கும்பிட்ட பிறகுதான் சுவிட்சைப் போட்டார். ஜன்னல்களை இழுத்து மூடி, இடுக்கில் எல்லாம் மிச்ச ஃபோமை அடைக்கச் சொன்னார். "குளிர் வெளிய போயிடக் கூடாது." அடைத்தது நான்தான். எனக்கும் குளுகுளுவென்று இருந்தது, குறை சொல்ல மாட்டேன்.

அதே வாரம் பெரிய ஆர்டர் வந்தது. டவுனில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு பேரங்காடிக்கு மலாக்காவின் சின்னமான சருகுமான் ஆள் உயரத்தில் வேண்டும். முழுக்க ஃபோம். தலை மட்டுமே பெரிய அண்டா அளவு.

மறுநாள் கடையில் எல்லோரும் ரொம்பச் சந்தோஷமாக இருந்தோம். மாணிக்கண்ணன் பாடினார். அவருக்குப் பாட வராது. பாக்கியக்கா கத்தரிக்கோலைப் பார்த்துச் சிரித்தார். மகள் கல்யாணப் படத்தில்கூட அவர் சிரித்ததில்லை.

"என்னக்கா?" என்றேன்.

"இதுக்கு ரெண்டு காலு இருக்குலா."

நானும் சேர்ந்து சிரித்தேன். பாஸுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, எடம் குளுந்தா மனசும் குளுந்துடும்."

சாயங்காலம் தலை பிளந்தது. தங்கா பத்து போகும் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியில் பாக்கியக்கா ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தார். காலையில் பாஸிடம் சொன்னோம். "ஏர்கான் ஒடம்புக்குப் பழகணும்மா. ரெண்டு நாள் ஆவும்" என்றார். படியேறும்போது வாடை குப்பென்று அடிக்கும். உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் தெரியாது. பழகிவிட்டது என்றே நாங்களும் நினைத்தோம்.

கை தட்டல்

பேரங்காடி மேனேஜர் ஒரு சீன அம்மா. உடுப்பைப் பார்க்க மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். தலைக்குள் வைத்த மெத்தை காலையில் பிய்ந்து வந்துவிட்டது. மாணிக்கண்ணன் அவசர அவசரமாக மறுபடி ஒட்டினார்.

"காயலையே பாஸ்."

"தொட்டா கையில ஒட்டல இல்ல? அது போதும்."

தலை கழன்று விழாமலிருக்க, அதைப் பின்பக்கம் உடம்போடு ஜிப் போட்டு மூடியிருந்தோம். வெளியே இருப்பவர்தான் திறக்க முடியும்.

மேனேஜர் அம்மா இரண்டு பேரோடு வந்தார். சருகுமான் கை ஆட்டியது, குதித்தது, இடுப்பை வளைத்தது. பிறகு தள்ளாடியது. வந்தவர்கள் கை தட்டினார்கள். சுவரில் போய் முட்டி, அதைப் படபடவென்று தட்டியது. வந்தவர்கள் இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அப்போது மானின் இரண்டு கையும் தாடைக்கு அடியில் போய்ப் பிறாண்டுவதைப் பார்த்தேன். மாணிக்கண்ணன் ஆட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது.

"அண்ணே?"

முட்டி மடங்கிக் கீழே சரிந்தார். ஓடிப்போய் ஜிப்பை இழுத்தேன். பசை பட்டு இறுகிக் கிடந்தது. கையில் கட்டர் இருந்தும் கழுத்துக்குப் பக்கத்தில் வைக்கப் பயம். பாக்கியக்கா கத்தரிக்கோலோடு வந்தார். மானின் வாயில் விட்டுக் கண் வரைக்கும் வெட்டினார்.

"ஐயோ, தலை போச்சே" என்றார் பாஸ்.

வெட்டின இடத்தில் மாணிக்கண்ணன் முகம் தெரிந்தது. உதடு சாம்பல் நிறம். கண் மேலே செருகியிருந்தது. பாஸ் பாய்ந்து வந்தார். இரண்டு கையையும் உள்ளே விட்டு அந்தத் தலையை இரண்டாகக் கிழித்தார். மாணிக்கண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கியதும் அவர்தான். கடை முன்னால் காற்றுப் பட்டதும் மாணிக்கண்ணன் இருமினார், வாந்தி எடுத்தார், கண்ணைத் திறந்தார். பாஸ் அவர் கையை விடவே இல்லை.

கிளினிக்கில் இருந்தது ஒரு மலாய்க்கார டாக்டர். மாணிக்கண்ணனைப் பரிசோதித்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துத்தானே பசை வேலை செய்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார்.

"ஏர்கானே இருக்கு டாக்டர்" என்று பாஸும் மலாயில் சொன்னார். அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். அந்த ஏர்கான் வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும். கைக்குட்டை ஆவியை நிறுத்தாது. எங்களுக்குச் சிரிப்பு வந்ததும் தலை வலித்ததும் அந்த ஆவியால்தான்.

பாஸ் எங்கள் பக்கம் திரும்பி, "அப்ப நான் விஷத்த ஜில்லுனு பண்ணிக் குடுத்திருக்கேன்" என்றார்.



அப்புறம்

மேனேஜர் அம்மா திறப்பு விழாவுக்கு மான் வேண்டாம், பிறகு கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். ஒட்டும் வேலை பின்பக்கத் திறந்த பால்கனிக்குப் போனது. கார் சாயம் அடிக்கும் பெங்கேல் பட்டறையில் விசாரித்து, ஆவியைத் தடுக்கும் கரி ஃபில்டர் வைத்த மாஸ்க் வாங்கினோம். ஒட்டின தலையை வாடை முழுக்கப் போகும்வரை காற்றில் தொங்கவிட்டோம். ஜிப்புக்குப் பதில் உள்ளே இருப்பவரே பிய்த்துத் திறக்கும் வெல்க்ரோ வந்தது.

புதுச் சருகுமானைப் போட்டுப் பார்க்கப் பாஸ் மாணிக்கண்ணனை விடவில்லை. தானே நுழைந்தார். பாஸுக்குத் தொப்பை உண்டு. மான் நிறைமாதமாக இருந்தது. கடையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சட்டை பிழிகிற அளவு வேர்வையோடு வெளியே வந்தார்.

"இதுக்குள்ள மனுஷன் இருக்க முடியாது மாணிக்கம்."

"நான் இத்தன வருஷமா இருக்கேனே பாஸ்."

அன்றைக்கே காதுக்குப் பின்னால் காற்று ஓட்டைகள் வெட்டச் சொன்னார்.

ஒரு நாள் சாப்பிடும்போது மாணிக்கண்ணனிடம் கேட்டேன், அன்று உள்ளே இருந்து எங்களைக் கூப்பிடவே இல்லையா என்று.

"குரல் வரல கமலா. செவுத்தத் தட்டினேன். நீங்க கை தட்டினீங்க" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

அதன் பிறகுதான் ஒரு சைகை வைத்துக்கொண்டோம். இரண்டு கையும் உச்சந்தலைக்குப் போனால், உடனே கழற்று என்று அர்த்தம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல இரண்டே விஷயம்தான். வாடை தெரியவில்லை என்றால் காற்று நல்ல காற்று என்று நம்பாதீர்கள், மூக்கு அசந்துபோயிருக்கலாம். வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப வந்து பாருங்கள். அப்புறம், உடுப்புக்குள் ஒருவர் இருந்தால் வெளியே ஒருவருக்கு அவரைப் பார்ப்பதே வேலையாக இருக்கட்டும். அப்படிப் பார்க்கிறவர் மட்டும் கை தட்ட வேண்டாம்.