ஒரு சாண் நாலு விரல்

பார்சல் கிடங்கில் அவனுக்குப் பொட்டலம் என்று பெயர். ஆள் குள்ளம், கொஞ்சம் உருண்டை, இடுப்பில் எந்நேரமும் ஒட்டும் டேப் தொங்கும். வேறு பெயர் வைத்திருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். எதிர் மேசைக்காரன் கம்பம். மேல்தட்டில் இருக்கும் அட்டைப் பெட்டியை ஏணி போடாமல் எடுக்கிற ஒரே ஆள். சாயங்காலம் இருவரும் சேர்ந்து கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்தால், யாரோ ஒருவன் மூட்டையைப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு போகிறான் என்றுதான் தோன்றும்.

பொட்டலத்துக்கு ஒரு வித்தை கைவசம். யார் குரலையும் அப்படியே எடுத்துவிடுவான். அவனுக்கு ரொம்பப் பிடித்தது சூப்பர்வைசர் குரல். அந்த மனிதர் தொண்டையைச் செருமாமல் ஒரு வாக்கியத்தை முடித்ததே இல்லை. "க்கும்... யாருய்யா இந்தக் கண்ணாடிச் சாமானை இப்படிக் கட்டினது? க்கும்... உடைஞ்சா எச்சில் தொட்டு ஒட்டுவியா?" என்று பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து பொட்டலம் கேட்டால் பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார்கள். ஒருமுறை சூப்பர்வைசரே நின்றுவிட்டார். கம்பத்துக்கு மட்டும் வாய்விட்டுச் சிரிக்க வராது. தோள் இரண்டும் குலுங்கும், அவ்வளவுதான்.

அந்தக் கிடங்கில் அளவெடுக்க எவரும் ஸ்கேலைத் தேட மாட்டார்கள். பொருள் மேசைக்கு வந்ததும் கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து ஒரு சாண் வைப்பார்கள். மிச்சத்தை விரல் கணக்கில் பார்த்துவிட்டு அதற்கேற்ற பெட்டியை உருவுவார்கள். டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் அளவை நம்புகிறவனைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பரிதாபம் வரும். அவரவர் பொருளை அவரவர் கையால் அளந்து அவரவர் பெட்டியில் போட்டார்கள். ஒரு சிக்கலும் வந்ததில்லை. வருஷக்கணக்கில் எதிரெதிரே நின்றும், ஒரே பொருளை அந்த இரண்டு பேர் கையும் சேர்ந்து அளக்கிற தேவை வரவே இல்லை.

கம்ப்யூட்டர் ஆசை கம்பத்துடையது. டீ இடைவேளையில் இருவரும் ஒரே செல்போனில் லாரி ஓட்டும் ஆட்டம் ஆடுவார்கள். ஒருவன் ஓட்ட வேண்டும், இன்னொருவன் பின்னால் சரக்கு சரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொட்டலத்தின் கட்டை விரலே பாதித் திரையை மறைத்துவிடும்.

"இதைப் பெரிய திரையில ஆடணும்டா. பக்கத்துல பக்கத்துல உக்காந்து, ஆளுக்கொரு கன்ட்ரோலரோட" என்றான் கம்பம்.

"நாள் பூரா சரக்கு ஏத்திட்டு, வீட்டுக்குப் போயும் சரக்கு ஏத்தணுமா?"

"அந்தச் சரக்கு தூக்கினா முதுகு வலிக்காதுல்ல."

அப்படி ஆரம்பித்தது. ரொம்ப உசத்தியாகவும் வேண்டாம், ரொம்ப மட்டமாகவும் வேண்டாம், நடுத்தரமாக ஒன்று. ஆளுக்குப் பாதிச் சாமான் வாங்குவது என்று ஏற்பாடு. பொட்டலத்தின் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "ஆளுக்கு ஒரு செருப்பு வாங்கின மாதிரியில்ல இருக்கு" என்றாள். மகன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாப்பாட்டு நேரம் முழுவதும் இதே பேச்சுதான். வீடியோவில் ஒருவர் இந்தப் பிராசசரைத்தான் வாங்கு என்பார். இன்னொருவர் அதை வாங்கினால் அழுவாய் என்பார். பொட்டலம் இரண்டு பேர் குரலையும் எடுத்து அவர்களை மோதவிடுவான். ராம் மெமரி எவ்வளவு போடுவது என்பதில் ஒரு வாரம் போனது. பவர் சப்ளையில் காசைப் பிடிக்கலாம் என்று பொட்டலம் சொன்னபோது கம்பம் சாப்பாட்டு டப்பாவை மூடியே விட்டான்.

"அது வீட்டுல அம்மா மாதிரிடா. இருக்கறது யார் கண்ணுக்கும் தெரியாது. அது படுத்தா வீடே படுத்துரும்."

"சரி, கேபினெட் என் இஷ்டம். ஒரு பக்கம் கண்ணாடி. உள்ள லைட்டு."

"கம்ப்யூட்டர் கட்டறமா, சர்க்கஸ் கூடாரம் கட்டறமா?"

"என் வீட்டுலதானே இருக்கப் போகுது. நீ வந்தா கண்ணை மூடிக்க."

கேபினெட், போர்டு, பிராசசர், ராம் எல்லாம் பொட்டலம் வாங்கினான். டிஸ்க்கும் பவர் சப்ளையும் கம்பம் வாங்கிக் கொடுத்தான். பாக்கி கிராஃபிக்ஸ் கார்டு மட்டும். படம் ஓடுவதே அதில்தான். அதனால் கம்பம் அவசரப்படவில்லை. மாதக்கணக்கில் பெண் பார்க்கிற மாதிரி பார்த்தான். கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் கடையிலிருந்து போன் செய்தான்.

"கிடைச்சிடுச்சுடா. கடைசிப் பீஸு. உன் கேபினெட் உள்ள நீளம் எவ்வளவு?"

பொட்டலம் கேபினெட்டின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டான். "ஒரு சாண் ஆறு விரல்."

"கார்டு ஒரு சாண் நாலு விரல். அப்பத் தாராளம்" என்று சொல்லிப் போனை வைத்தான் கம்பம்.

மறுநாள் விடுமுறை, கார்டு கிடைத்தால் அன்றைக்கே மாட்டுவதாக முன்பே பேச்சு. அன்று காலையில் பொட்டலம் மேசையைத் துடைத்து, திருகுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு, கன்ட்ரோலர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். வருகிறேன் என்ற நேரம் தாண்டியது. சாப்பாட்டு நேரமும் ஆனது. பொட்டலம் போன் போட்டான். எடுத்த சத்தம் கேட்டதுமே ஆரம்பித்துவிட்டான்.

"க்கும்... என்னய்யா, லீவு நாள்னா சொல்லாமக் கொள்ளாம லீவு எடுத்துக்கறதா? க்கும்... சரக்கு காத்துக்கிட்டு இருக்குல்ல?"

அந்தப் பக்கம் பேசியது கம்பத்தின் மனைவி.

"சார், அவரு இல்ல சார். குளிச்சிட்டு வந்து சட்டை போட்டுக்கிட்டே கட்டில்ல உக்காந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு. ஆஸ்பத்திரியில இருக்கோம். முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க சார். கிடங்குல எல்லாருக்கும் நீங்களே சொல்லிடுங்க."

யார் எண் என்று பார்க்காமல் எடுத்தவள், அவனைச் சூப்பர்வைசர் என்றே நினைத்துவிட்டாள். பொட்டலத்துக்குத் தன் குரலுக்குத் திரும்பி வரத் தெரியவில்லை. "சரிம்மா" என்று அதே குரலில் சொல்லிவிட்டுப் போனை வைத்தான். அன்றோடு அவன் யார் குரலையும் எடுக்கவில்லை. கிடங்கில் ஒரு வாரம் கழித்துச் சூப்பர்வைசரே அவன் மேசைப் பக்கம் வந்து நின்று, "க்கும்" என்று சும்மா ஒருமுறை செருமிப் பார்த்தார். பொட்டலம் நிமிரவில்லை. அவரும் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு பொட்டலம் அந்த வீட்டுக்குப் போனான். ஒரு கூடம், ஒரு அறை, ஜன்னலுக்குப் பச்சைத் திரை. திரை ஜன்னலைத் தாண்டி, சுவரைத் தாண்டி, தரையில் மடிந்து கிடந்தது. வாசல் திரையும் அப்படியே. உள்ளே வருகிறவர்கள் அதைக் காலால் ஒதுக்கித்தான் வர வேண்டும். அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரையின் அழுக்கேறிய ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளே உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்தாள். கார்டு.

"இது உங்க ரெண்டு பேரோடதுண்ணா. எடுத்துட்டுப் போங்க."

"வேணாம்மா. கடையில திருப்பிக் குடுத்துக் காசா வாங்கித் தரேன்."

"காசை விடுங்க. ராத்திரி பகலா இதைப் பத்தியே பேசினாரு. தூக்கத்துல கூட ராமு ராமுன்னாரு. யாரு அந்த ராமுன்னு நான் சண்டைகூடப் போட்டேன்." அவள் சிரிக்கப் பார்த்தாள், பாதியில் விட்டுவிட்டாள். "மாட்டி ஓடவச்சு எனக்கு ஒரு தடவை காட்டுங்க. அப்படி என்னதான் அதுல இருக்குன்னு பாக்கணும்."

காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்து மாட்டினால், கார்டு போகவில்லை. சாய்த்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான். முன்பக்க ஃபேனில் போய் முட்டியது. ஃபேனைக் கழற்றினான், தகரத்தில் முட்டியது. அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருஷம் பேக்கிங்கில் குப்பை கொட்டியவனுக்கு ஒரு கார்டை அளக்கத் தெரியவில்லை. "கடைசிப் பீஸு, கடைசிப் பீஸுன்னு பறந்தியே, பொறுமையாக் கையை வச்சுப் பாத்தா என்னடா?" என்று கேபினெட்டைப் பார்த்து வாய்விட்டே கேட்டான். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, மகன் யாரிடம் பேசுகிறான் என்று புரிந்துகொண்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் இரண்டையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான். கடைக்காரர் மூச்சு விடாமல் பேசுகிறவர்.

"சார், வாங்கறதுக்கு முன்னாடி அளக்க வேணாமா சார்? யார் அளந்தது?"

"அளந்தோம். ஒரு சாண் ஆறு விரல் இடம். கார்டு ஒரு சாண் நாலு விரல்."

கடைக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் சாண் சார்?"

பொட்டலம் தன் கையை எடுத்துக் கார்டின் மேல் வைத்தான். ஒரு சாண். அதற்கப்புறம் விரல்களை ஒட்டி வைத்து நகர்த்தினான். நாலு விரலில் முடியவில்லை. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. கம்பம் சரியாகத்தான் அளந்திருக்கிறான். தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் கோப்பையே காணாமல் போகிற அந்தக் கையால் அளந்திருக்கிறான்.

"பெரிய கேபினெட் ஸ்டாக் இல்ல சார், எப்ப வரும்னு எனக்கே தெரியாது" என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே போனார். "சின்ன கார்டு ஒண்ணு இருக்கு. இதே வேகம், அச்சா உக்காரும். மாத்தித் தரேன். இந்த மாசத்துக்குள்ள பில்லோட வாங்க. பில்லு இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாது."

சின்னக் கார்டையும் எடுத்துக் காட்டினார். பொட்டலம் அதன் மேலும் கையை வைத்துப் பார்த்தான். ஒரு சாண் நாலு விரல். போனில் கேட்டபோது அவன் மனதில் வந்து உட்கார்ந்த கார்டு அதுதான்.

பில் கம்பத்தின் வீட்டில் இருந்தது. கேட்கப் போனான். எதற்கு என்று அவள் கேட்டாள். சொல்ல வேண்டியதாயிற்று. சாண் கதையைக் கேட்டுக்கொண்டே வந்தவள், முடிவதற்கு முன்னால் ஜன்னல் திரையைக் கையால் காட்டினாள்.

"இதுவும் அவர் சாண்தாண்ணா. தையல்காரம்மாகிட்டப் போய் இத்தனை சாண் நீளம்னு சொல்லியிருக்காரு. அவங்களும் கணக்கா அளக்கணும்னு, இவரு கையையே பிடிச்சு வச்சுத் துணியில அளந்திருக்காங்க. இங்க ஜன்னலை அளந்தது யாரு? நான். என் கை."

தரையில் மடிந்து கிடந்த துணியை இருவரும் பார்த்தார்கள்.

"வெட்டித் தச்சிக்கலாமே" என்றான் பொட்டலம்.

"வெட்டிருவோம்னு தினம் சண்டை போடுவேன். கூட்டும்போதெல்லாம் துடைப்பத்துல மாட்டும். போன வாரம் தையல்காரம்மாவே வந்து, குடும்மா வெட்டித் தரேன்னாங்க." அவள் பில்லைத் தேடி எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "இருக்கட்டும்னு சொல்லிட்டேன். நீங்க போய் மாத்திக்கோங்கண்ணா. அவர் அளவு எதுலயும் பொருந்தாது."

பொட்டலம் பில்லைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். கடை இருக்கும் தெரு முனை வரைக்கும் போனான். அங்கே நின்றுகொண்டிருந்தான். பேருந்துகள் வந்தன, போயின. பிறகு வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினான்.

அடுத்த விடுமுறை நாளில், வாழ்நாளில் கட்டாத சிரத்தையோடு அவன் ஒரு பார்சல் கட்டினான். போர்டு தனியாக, கார்டு தனியாக, பவர் சப்ளை தனியாக, ஆட்டம் ஏற்றிய டிஸ்க் தனியாக, சுற்றிலும் குமிழித் தாள். அதைத் தூக்கிக்கொண்டு கம்பத்தின் வீட்டுக்குப் போனான். கேபினெட் வரவில்லை, அம்மா ஏற்கெனவே அதில் வெங்காயம் போட்டு வைத்துவிட்டாள்.

கூடத்து மேசையில், போர்டு வந்த அட்டை டப்பாவையே கவிழ்த்து அதன் மேல் போர்டை வைத்தான். கார்டை அழுத்தியதும் 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. டப்பாவைத் தாண்டி, மேசை விளிம்பையும் தாண்டி அது நீட்டிக்கொண்டு நின்றது, குட்டைக் கட்டிலில் நெட்டை ஆள் படுத்த மாதிரி. டிவியில் ஒயரைச் சொருகினான். கேபினெட் இல்லாததால் பட்டனும் இல்லை. ஸ்க்ரூடிரைவர் நுனியால் போர்டில் இரண்டு ஊசிகளைத் தொட்டான். ஃபேன்கள் சுற்ற ஆரம்பித்தன. டிவியில் மலைப்பாதை வந்தது, லாரி வந்தது.

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தாள். மலை பச்சையாக இருந்தது. லாரி அசையாமல் நின்றது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவன் பக்கம் திரும்பி, "அண்ணா, நீங்க எல்லார் மாதிரியும் பேசுவீங்களாமே. வந்து சொல்லிச் சொல்லித் தோளைக் குலுக்குவாரு. அவர் மாதிரி ஒரு வார்த்தை பேசுங்களேன்."

அன்று போனில் பேசியது சூப்பர்வைசர் இல்லை என்று அவளிடம் இன்னும் அவன் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. வாயைத் திறந்து பார்த்தான். சூப்பர்வைசர் வந்தார், கடைக்காரர் வந்தார், வீடியோவில் சண்டை போடும் இரண்டு பேரும் வந்தார்கள். கம்பம் மட்டும் வரவில்லை.

"அவன் குரலை நான் எடுத்ததே இல்லம்மா. எந்நேரமும் எதிர்லயே நின்னான். எதுக்கு எடுக்கணும்?"

"சரி, அப்ப கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாரு? அதையாவது சொல்லுங்க."

பொட்டலம் மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கார்டின் முனையைப் பார்த்தான்.

"ஒரு சாண் நாலு விரல், அப்பத் தாராளம்" என்றான், தன் சொந்தக் குரலில்.