இடக்கைச் சிப்பாய்

கைமின் இடக்கைக்காரன். சாப்பாட்டுக் குச்சி பிடித்த அவன் கையின் முழங்கை தங்கை லான்சியின் சோற்றுக் கிண்ணத்தை இடிக்காத நாளே கிடையாது. "எந்தக் கையால சாப்பிடறதுன்னே தெரியல, சண்டைக்குப் போறானாம்" என்று திட்டிக்கொண்டேதான் அம்மா அவனைக் கொரியாப் போருக்கு அனுப்பினாள். போனவன் போனவன்தான். போர் முடிந்து சிலர் திரும்பினார்கள், சிலருக்குச் சாவுச் சேதி வந்தது. கைமினைக் காணவில்லை என்று மட்டும் சொன்னார்கள். காணாமல் போனவன் கிடைப்பான் என்பது அம்மாவின் கட்சி. அவன் பெயரைச் சொல்லி வீட்டில் யாரும் அழக்கூடாது, செத்தவர்களுக்குக் கொளுத்துகிற காகிதப் பணத்தைக் கொளுத்தக்கூடாது.

லான்சிக்குப் பதின்மூன்று வயதாகும்போது சீனாவின் ஹூனான் மாகாணத்து அந்த மலையடி ஊருக்குப் படம் காட்டுகிறவர்கள் வந்தார்கள். நெல் காயப்போடும் களத்தில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். பன்றிக்குத் தீனி வைத்துவிட்டு லேட்டாகப் போன லான்சிக்கும் பின்பக்கம்தான் கிடைத்தது.

கொரியாப் போர்ப் படம். பதுங்குகுழியில் சிப்பாய்கள் கூடிப் பாடும் பாட்டு ஒன்று அதில் வரும். நாட்டைப் பற்றிய பாட்டுதான், ஆனால் ஓர் ஊர்ப் பெயரும் அதில் கிடையாது. அதனால் கேட்கிறவர்கள் அவரவர் வீட்டு வாசலை அதில் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் பூங்காவில் யாராவது அதை எடுத்துவிட்டால், சீட்டாடுகிறவர்கள்கூடச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சேர்ந்துகொள்வார்கள்.

அந்தப் பாட்டுக்கு ஒரு சிப்பாய் கரண்டியால் தகரக் குவளையில் தாளம் தட்டினான். முகமெல்லாம் சேறு. கரண்டி இடக்கையில் இருந்தது.

லான்சி வீட்டுக்கு ஓடினாள். "அம்மா, அண்ணன் படத்துல இருக்கான்."

சினிமாவில் நடிப்பவர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பது அந்த ஊரில் எவருக்குத் தெரியும்? போரை அப்படியே படம் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அம்மா விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.

மறுநாள் பக்கத்து ஊரில் அதே படம். லான்சி முதலில் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். சிப்பாயின் கரண்டி வலக்கையில் இருந்தது. துணிக்குப் பின்னாலிருந்து பார்த்ததில் இடம் வலம் மாறித் தெரிந்திருக்கிறது. பாட்டு முடிந்ததும் அவன் குவளையை வைத்துவிட்டு குழியிலிருந்து மேலே ஏறினான், குண்டு பட்டுச் செத்துப்போனான். ஆனால் வாயை விட்டாயிற்று, இனி அம்மாவிடம் எப்படி இல்லை என்பது?

அதற்கடுத்த ஊருக்கு அம்மாவே கிளம்பினாள். அந்தக் காலப் பெண்களின் வழக்கப்படி சின்ன வயதில் கட்டிக் குறுக்கிய பாதங்களோடு வரப்பில் விழுந்து எழுந்து வந்தாள். லான்சி அவளைத் துணிக்குப் பின்னால் உட்காரவைத்தாள்.

"முன்னாடி காலியாத்தானேடி கெடக்கு?"

"அங்க கழுத்து வலிக்கும்மா."

பாட்டு முடியும்வரை அம்மா மூச்சுவிட்ட மாதிரியே தெரியவில்லை. முடிந்த கையோடு, "படம் முடிஞ்சுது, வா" என்று லான்சி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் அந்தப் படம் எங்கே ஓடினாலும் இருவரும் போனார்கள். எப்போதும் பின்பக்கம், எப்போதும் பாட்டு முடியும்வரை. ஒரு பாட்டு நேரத்துக்கு ஒரு பிள்ளை. அதற்காகவே அம்மா உயிரோடு இருந்தாள்.

காலம் ஓடிற்று. லான்சி ஜூஜோ நகரத்தில் ரயில்பெட்டித் தொழிற்சாலை வேலைக்குப் போய், குடும்பமாகி, அம்மாவையும் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிவந்தாள். 1985இல் தேசிய நாளன்று டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள்.

அம்மா டிவியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இதுக்குப் பின்பக்கம் எங்கடி?"

லான்சி சுவரில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றினாள். டிவிக்கு முதுகுகாட்டி அம்மாவை உட்காரவைத்து, எதிரே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டு தொடங்கியது. குவார்ட்டர்ஸின் எல்லா ஜன்னல்களிலிருந்தும் சேர்ந்து பாடினார்கள். லான்சிக்கு எதிரே, டிவியில், யாரோ ஒரு வலக்கைக்காரன். அம்மாவுக்குக் கண்ணாடியில் கைமின்.

பாட்டு நின்றது. "அவ்வளவுதாம்மா, முடிஞ்சுது" என்று லான்சி கண்ணாடியை இறக்கப்போனாள்.

"எறக்காத. இத்தனை வருஷமா இதையேதான் சொல்ற. களத்துல நாலு பேரு பேசறது என் காதுல விழாதா? அவன் வலக்கைக்காரன்னும் தெரியும், சாகறான்னும் தெரியும்."

"வேணாம்மா."

"எம் புள்ளையும் எங்கியோ இப்படித்தானே போயிருப்பான். பெத்தவ பாக்காம வேற யாருடி பாக்கறது? ஆடாம பிடி."

சிப்பாய் குவளையை வைத்துவிட்டு மேலே ஏறினான். அம்மா கண்ணை எடுக்கவில்லை. வெடிச்சத்தம் கேட்டது. கைமின் போன பிறகு முதன்முறையாக அம்மா வாய்விட்டு அழுதாள். லான்சியும் அழுதாள். கண்ணாடியை மட்டும் இறக்கவில்லை.