கப்பல் படத்துக்கு நான் சொன்ன கதை

எஸ்டேட் மண்சாலை முடிந்து செமோர் தார் ரோட்டுக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. கையில் துணிப்பை, காலில் வார் அறுந்த சிலிப்பர். படக்கார வேன் என்னைத் தாண்டிப் போனது. முதலாளி திரும்பிப் பார்க்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவில் எஸ்டேட் எஸ்டேட்டாகப் படம் காட்டும் அந்த வேனில் ஒன்றரை வருஷம் இருந்தேன். ரீல் தூக்குவேன், திரை கட்டுவேன். இங்கிலீஷ் படமென்றால் மைக்கில் தமிழில் கதை சொல்வதும் என் வேலை. நான் படித்தது நாலாம் வகுப்பு. வாயசைவைப் பார்த்து வசனத்தை நானே கட்டிவிடுவேன்.

முந்தின நாள் ஞாயிறு. மழையென்பதால் அந்த எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குள், ஜன்னலுக்குச் சாக்கு கட்டி மத்தியானமே ஓட்டினோம். நடுக்கடலில் கப்பலுக்குள் தொற்றுநோய் பரவுகிற படம். அறையில் அடைத்துவைத்த, இருமுகிற ஒருவனைச் சோதித்துவிட்டு டாக்டர் ஏதோ சொல்வார். "இவனுக்கு ஒண்ணுமில்ல, வெளியே விடுங்க" என்று மைக்கில் சொன்னேன். அடுத்த காட்சியில் பிணங்கள்.

அப்போது பின்வரிசையில் மாணிக்கம் இருமினார். ரப்பர் மரம் சீவுகிறவர். காசநோய்க்கு எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, போன வாரம்தான் திரும்பியிருந்தார். பக்கத்திலிருந்தவர்கள் எழுந்து நகர்ந்தார்கள். அவர் தானாகவே வெளியே போய் மழையில் நின்றார்.

ரோடு சேறாகிவிட்டதால் வேன் அங்கேயே தங்கியது. காலையில் பெரட்டு, அதாவது பெயர் கூப்பிடும் நேரம், மாணிக்கத்தோடு ஒரே லோரியில் ஏறமாட்டோமென்று ஆட்கள் நின்றுவிட்டார்கள். நோய் குணமாகிவிட்டது என்று இங்கிலீஷில் இருந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தை எஸ்டேட் குமாஸ்தாவான கிராணி படித்துக் காட்டினார்.

"படத்துலயும் டாக்டரு அப்படித்தான் சொன்னாருலா" என்றான் ஒருவன்.

வேலைப் பட்டியலில் மாணிக்கத்தின் பெயரை அடிக்கக் கிராணி பென்சிலை எடுத்தார். பெயர் போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும்.

மாணிக்கத்தின் மனைவி கடிதத்தோடு வேனுக்கு ஓடிவந்தார். "தம்பி, நீங்க படிச்சா நம்புவாங்க. ஒங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே."

"இல்லக்கா. ஒரு எழுத்துகூடத் தெரியாது."

"அத அங்க வந்து சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். டாக்டர் என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது, அந்த வசனம் நான் கட்டியது என்றேன். கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அப்ப போன மாசப் படத்துல அந்தப் பொண்ணு புருஷன விட்டுட்டுப் போனாளே, அது?"

"அதுவும் நான் கட்டுனதுதாண்ணே."

சிரித்துவிட்டார்கள். மாணிக்கம் லோரியில் ஏறினார். ஓர் ஆள் இடம் விட்டுத்தான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். ஆனால் பெயர் இருந்தது.

"இனி எந்த எஸ்டேட்டுலடா நம்ம படம் ஓடும்?" என்று கேட்டார் முதலாளி. அவர் என்னை வேலையைவிட்டு நிறுத்தியதில் தப்பில்லை. இருட்டில் மைக் பிடித்தவன் சொன்னதை ஜனங்கள் விடிந்த பிறகும் நம்புகிறார்கள். அந்த வேலையிலிருந்து நான் தெரிந்துகொண்டது அதுதான்.

மறுநாள் காலை ஈப்போ டவுனில் ஒரு தியேட்டரில் ஆள் தேவையென்றார்கள். இங்கிலீஷ் தெரியுமா என்று மேனேஜர் கேட்டார். தெரியாது என்றேன். வாசலில் நிற்கிற வேலை கொடுத்தார். படம் முடிந்ததும் நாலு கதவையும் திறந்துவிட வேண்டும்.