திருப்பதியில் நான் ஹைட்ரஜனாக நின்ற நாள்

கற்பூரமும் புது தெர்மாகோலும் கலந்த ஒரு வாசனை... இன்றைக்கும் புது டிவி பெட்டியைப் பிரித்தால் எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் ரூம்தான் ஞாபகம் வருகிறது, நண்பர்களே.

திருப்பதியில் ஒரு காலேஜ். கெமிஸ்ட்ரி டீச்சர்களுக்குக் கம்ப்யூட்டரில் பாடம் நடத்த டிரெய்னிங். நான் அங்கே ஜீப் டிரைவர். பேருக்குத்தான் டிரைவர்... நான் சுவிட்ச் போடாமல் அங்கே ஒரு மானிட்டரும் கண் திறந்ததில்லை. சித்தூர் ஜில்லாவே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது.

கடைசி நாள் டெமோ. நன்றாக நடத்துகிறவருடைய ஸ்கூலுக்கு ஒரு கம்ப்யூட்டர். நகரியிலிருந்து வந்த மல்லிகா மேடம் அதை எப்படியும் வாங்கிவிட வேண்டும் என்று இருந்தார். அவர் ஸ்கூலில் லேப் என்று ஒன்று கிடையாது.

"எங்க பசங்க ஆசிட்டையே போர்டுலதான் பாத்திருக்காங்கண்ணா" என்பார் என்னிடம்.

அவர் முறை வந்தது. சிடியைப் போட்டார். உர்ர்ரென்று சுற்றியது... ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை. டிரெய்னிங் சார் வெளியே எடுத்துப் பார்த்தால், பளபளக்கிற பக்கம் பூரா மஞ்சளும் குங்குமமும்!

"ஏமி மேடம் இதி?"

"மொத மொதல்ல போடறது சார்... பொட்டு வெக்காம எப்படி?"

ரூமே சிரித்தது. "தேங்கா ஒடைக்க மறந்துட்டீங்களே மேடம்!" என்றார் புத்தூர் சார் ஒருவர்.

மேடம் முகம் சுண்டிப்போனது. கம்ப்யூட்டர் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். டிரெய்னிங் சார் ஈரத்துணி தேட, மேடம் சட்டென்று நிமிர்ந்தார்.

"அவர் தொடச்சிக்கினு இருக்கட்டும். நாம இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? புத்தூர் சார், வாங்க. நீங்கதான் ஆக்சிஜன். குடிபாலா சார் ஒரு ஹைட்ரஜன். டிரைவர் அண்ணா, நீங்க இன்னொண்ணு. ரெண்டு பேரும் ஆக்சிஜன் கையைப் புடிங்க."

நான் எம்.எல்.ஏ. மாதிரி விறைப்பாக நின்றேன்.

"நேரா நிக்காதீங்கண்ணா, முன்னாடி வாங்க. விரிஞ்ச கவட்டை மாதிரி இருக்கணும்... ஆங், இப்பதான் தண்ணி!"

"இந்த ஹைட்ரஜன் என் கையை நசுக்குது மேடம்!" என்று கத்தினார் புத்தூர் சார்.

"விடாது சார். அதான் கெமிக்கல் பாண்டு."

இந்தமுறை ரூம் அவருக்காகச் சிரித்தது. அந்த நேரம் பார்த்து சிடியும் ஓடியது. நடுவில் ஒரு சிவப்பு உருண்டை, இரண்டு பக்கமும் வெள்ளை உருண்டை... கருட சேவைக் குடை மாதிரி சுழன்றது. நாங்கள் நின்ற அதே நிலை! கைதட்டல் அலிபிரி மலையடிவாரம் வரைக்கும் கேட்டது.

கம்ப்யூட்டர் நகரிக்குத்தான் போனது. ஜீப் ஓட்டியது நான். மேடம் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். ஸ்கூல் வாசலில் அதற்கும் பொட்டு வைத்தார்... டிரெய்னிங் முடித்தவர் இல்லையா, பெட்டிக்கு மட்டும், சிடிக்கு இல்லை.

இப்போது என் பேத்தி செல்லில் அதே தண்ணீர் உருண்டைகளை ஒற்றை விரலால் சுழற்றுகிறாள். அன்றைக்கு மூன்று பேர் கை கோக்க வேண்டியிருந்தது.

"அந்த ஓரத்துல நிக்கிறது உன் தாத்தாதான்" என்றேன்.

"எந்த ஓரம் தாத்தா?"

காட்டுவதற்குள் சுழற்றிவிட்டாள். சுழற்றட்டும்... எந்தப் பக்கம் சுழற்றினாலும் பாருங்கள், நான் கையை விடவே இல்லை.