சராசரி சரி, கரைசல்தான் கட்டி

குவைத்தில் சம்பாதித்ததையெல்லாம் சலீம் பாய் திருவாரூர் பக்கம் ஒரு சின்ன ஆலையில் போட்டார். வைக்கோல் கூழைக் காரத்தில் ஊறவைத்து, இன்னொரு ரசாயனத்தோடு சேர்த்து, சி.எம்.சி. என்ற பசைமாவு செய்யும் ஆலை. வெளிநாட்டுச் சரக்கு வந்து குவியத் தொடங்கிய காலம். நான் அங்கே லேப் கெமிஸ்ட். மாத்திரைக் கம்பெனி ஒன்று எங்கள் மாவை இரண்டாம் தடவையும் திருப்பி அனுப்பியது. தண்ணீரில் கலக்கினால் கட்டி கட்டியாக நிற்கிறதாம்.

"இன்னொரு தடவ வந்துச்சுன்னா கதவச் சாத்திட்டு நான் மறுபடி ஃப்ளைட் ஏற வேண்டியதுதாம்மா" என்றார் பாய். மேசைமேல் பாஸ்போர்ட் கிடந்தது.

எனக்கு எரிச்சலான எரிச்சல். என் டெஸ்ட்டில் எல்லாம் சரி! செல்லுலோஸ் என்பது குளுகோஸ் கோத்த சங்கிலி. அந்த ரசாயனம் கொண்டுவரும் புதுக் குழு ஒட்டினால்தான் அது தண்ணீரில் கரையும்; ஒவ்வொரு குளுகோஸிலும் அதை ஒட்டவைக்க மூன்று இடம் உண்டு. சராசரியாக எவ்வளவு ஒட்டியது என்று நான் செய்யும் டைட்ரேஷன் டெஸ்ட் சொல்லும். எங்கே ஒட்டியது என்று சொல்லாது.

திரும்பி வந்த மாவோடு தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அதை அமிலத்தில் கொதிக்கவைத்து, சங்கிலியை உடைத்து, கலவையைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் செலுத்தினோம். காகிதத்தில் முகடுகள் எழுந்தன: மூன்று இடமும் நிறைந்தது, இரண்டு நிறைந்தது, ஒன்று, கடைசியில் எதுவுமே ஒட்டாத வெறும் குளுகோஸ். அம்மாடி! எந்தக் கண்ணுக்கும் தெரியாத சங்கிலிக்குள் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று ஒரு பேனா வரைந்து காட்டுகிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. நிறைந்ததும் வெறுமையும்தான் எக்கச்சக்கம். வயலின் ஒரு மூலையில் நாற்றைக் குவித்து நட்டுவிட்டு மிச்சத்தைச் சும்மா போட்டாலும், நாற்றுக்கட்டுக் கணக்கு சரியாகத்தானே வரும்?

ஆலைக்குத் திரும்பிக் கூழின் பின்னாலேயே நடந்தேன். மேஸ்திரி கோவிந்தன் அதைக் களத்தில் பரப்பி, காலால் துழாவிக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே இவ்வளவு காய விடுறீங்க?"

"என்னம்மா கேக்குறீங்க! நெல்லு மாதிரி கலகலன்னு காய வேணாமா? ஈரத்தோட உள்ள போனா வீணாப் போயிடாது?"

நெல்லுக்கு அது நியாயம். கூழ் அப்படிக் காய்ந்தால் இழைகள் இறுகிக்கொள்ளும், காரமும் அதன் பின்னால் வரும் குழுவும் உள்ளே நுழையாது. வெளியே விருந்து, உள்ளே பட்டினி.

"இந்தத் தடவ பிழிஞ்ச ஈரத்தோடயே போடுங்கண்ணே."

"பாய் திட்டுனா நீங்கதான் பதில் சொல்லணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டார். ஈரத்துக்குத் தகுந்தபடி நான் காரத்தின் அளவை மாற்றிக் கொடுத்தேன்.

மறுபடி தஞ்சாவூர். வெறும் குளுகோஸின் முகடு குட்டையாகிவிட்டிருந்தது. அதே மாவை ஆலையில் ஒரு கண்ணாடி டம்ளரில் கலக்கினேன். பாய் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். டம்ளர் வழியாக, களத்தில் கவலையோடு நின்ற கோவிந்தன் தெளிவாகத் தெரிந்தார்.

"சுப்ஹானல்லாஹ்! உள்ள வரைக்கும் போயிருக்குல்லம்மா?"

"போயிருக்கு பாய்."

இப்போது லேபில் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சராசரி சரியாக வந்துவிட்டதா, பாதி வேலைதான் முடிந்தது. யாருக்குச் சேரவில்லை என்று தேடுங்கள்.

அந்த லோடு திரும்பி வரவில்லை. பாயும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய் வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.